குத்தாத ஊசி

மனைவிக்கு எழுதிக் கொடுத்த மருந்தைக் கணவன் ஆராய்ச்சி செய்யக் கூடாது. இதைச் சொல்லும் தகுதி எனக்குத் தாராளமாக உண்டு.

எண்பதுகளின் கடைசி. சிட்லபாக்கத்தில் குடியிருந்தோம். என் மனைவி வசந்தாவுக்கு ஏழாம் மாதம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத சைவம் நாங்கள். போதாக்குறைக்கு, மசக்கையில் ஆரம்பித்து அவளுக்குப் பால், தயிர் வாசனையே ஆகவில்லை. நாக்கெல்லாம் புண். எழுந்தால் தலைசுற்றல். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த தாம்பரம் டாக்டரம்மா, "பி-ட்வெல்வ் வைட்டமின் ரொம்பக் கம்மி. உங்களுக்குக் குறைஞ்சா குழந்தைக்கும் குறையும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி போட்டுக்கணும்" என்றார்.

மருந்துக்கடையில் வாங்கிப் பார்த்தால், கண்ணாடிக் குப்பிக்குள் ரத்தச் சிவப்பு. ஆபீஸில் யாரோ ஈரல் சத்து ஊசி போட்டுக்கொண்ட கதை ஞாபகம் வந்து தொலைத்தது.

"இது சைவமா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"ஊசியில ஏது சார் சைவம், அசைவம்?"

அது போதாதா! (சந்தேகப்படுகிறவனுக்கு எந்தப் பதிலும் சாட்சிதான்.) குப்பிகளைப் பீரோவில் துணிக்கடியில் ஒளித்துவிட்டு, "ஸ்டாக் இல்லையாம்" என்று வசந்தாவிடம் புளுகினேன். பதிலுக்கு வேளாவேளைக்கு முருங்கைக்கீரை. பத்து நாளில் எங்கள் தெரு மரங்கள் மொட்டையானதுதான் மிச்சம். அவளுடைய தலைசுற்றல் அப்படியே இருந்தது.

மறுபடி டாக்டரிடம் போன அன்று, தனியாகக் கேட்டுவிடலாம் என்று ஒரு குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வெள்ளைச் சட்டை. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்த வசந்தா தள்ளாடினாள். பாய்ந்து நெஞ்சோடு தாங்கிக்கொண்டேன். பைக்குள் 'டக்' என்றது.

ஆஸ்பத்திரி ஆயாம்மா அலறினார். "இன்னா சார் இது, நெஞ்செல்லாம் ரத்தமா கீது! எவன் குத்துனான்?"

தலைசுற்றியவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என்னைக் கட்டிலில் கிடத்தினார்கள். டாக்டரம்மா ஓடிவந்தார்.

"எங்க குத்தினாங்க?"

"குத்தலை டாக்டர்."

"அப்ப இது என்ன?"

"குத்தாம வச்சிருந்தது டாக்டர்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. வசந்தாவுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. "ஸ்டாக் இல்லைன்னீங்களே?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"முருங்கைக்கீரை இரும்புச்சத்துக்கு நல்லதுதான் சார். இந்தச் சத்து அதுல கிடைக்காது" என்றார் டாக்டரம்மா. "இதைக் கிருமியை வளர்த்துத் தயாரிக்கிறாங்க. எந்த ஆட்டையும் யாரும் தொடலை. இந்த வைட்டமினோட நிறமே சிவப்பு! வயித்துல இருக்கற குழந்தை உங்களை என்ன பண்ணிச்சு?"

வெட்கம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. அன்றே முதல் ஊசி போட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு ஊசிக்கும் கூடவே போய் நின்றேன்.

பிரசவத்தன்று வராந்தாவில் நின்று, தெரிந்த சாமிகளிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். உள்ளே ஓர் அழுகை. வண்டலூர் வரைக்கும் கேட்டிருக்கும். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார் டாக்டரம்மா. அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். என் சட்டையில் பீட்ரூட்டோ ரசமோ சிந்தினால் போதும், "என்னப்பா, எவன் குத்தினான்?" என்பாள்.

உள்ளேயிருந்து வசந்தாவின் குரல் வரும்: "யாரும் குத்தலைடி. ஸ்டாக் இல்லையாம்!"