மொட்டைமாடிக்குப் போன கயலின் ஐஸ் பெட்டி

நொச்சிக்குப்பம்,
ஞாயிறு மாலை.

மதிப்பிற்குரிய மச்சான் ஜவஹர் அவர்களுக்கு, கோதண்டபாணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை பாஞ்சாலியும் நலம். பெரும்பாக்கத்தில் உங்கள் பிளாக் லிப்ட்டும் நலமாக ஓட வேண்டுகிறேன்.

"கயலுக்கு இன்னும் இன்னா படிப்பு, கல்யாணம் பண்ணு" என்று போனில் சொன்னீர்கள். மச்சான், அந்தப் படிப்பையே நான் போன செவ்வாய்க்கிழமை இறால் என்று விற்றுவிட்டேன்.

அடையாறில் அவள் ஆராய்ச்சி செய்கிற இடத்தில் ஃப்ரீசர் பழுதாகிப்போக, குட்டிக் குட்டி டியூப்களை ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு என் மீன்கடைக்கே கொண்டுவந்தாள். "இதுல இன்னா கீது?" என்றேன். "நைனா, ஒரு நல்ல ஜீனை அப்டியே அனுப்புனா ஒடம்புல இருக்கிற செல்லு உள்ள சேர்க்காது. பாலிமர்ல சுருட்டி, மேல ஒரு புரதத்த ஒட்டி அனுப்புனா, நம்மாளுதான்னு உள்ள இழுத்துக்கும். ஜாக்கிரதை!" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் ஜாக்கிரதையாகத்தான் வைத்தேன், இறால் பெட்டிக்குப் பக்கத்தில். மந்தைவெளி மதுமதி அம்மா இறால் வாங்கிக்கொண்டு போனார். ஐஸ் மாற்றலாமென்று பாஞ்சாலி மற்ற பெட்டியைத் திறந்தால், உள்ளே இறால்! "அடப்பாவி மனுசா, பொண்ணு படிப்ப வித்துட்டியே!" என்று அவள் போட்ட சத்தத்தில் லைட் ஹவுஸ் வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள். மெஹபூப் அலியின் ஆட்டோவில் ஏறிப் பறந்தேன், மடியில் இறால், ஐஸ் தண்ணி ஒழுகி லுங்கி தொப்பலா நனைஞ்சிபோச்சி. அங்கே அந்தம்மா மொட்டைமாடியில், ரோஜாத் தொட்டி முன்னால், மூடி திறந்த டியூபோடு நிற்கிறார்!

"ஊத்தாதம்மா!"

"ஏன்? செடிக்கு உரமா ஊத்த மீன் அமிலம் கேட்டிருந்தேனே, இறாலுக்குப் பதிலா மாத்திக் குடுத்தது அதுதானே? நாத்தமே வரல, கலப்படமோன்னு பாத்துட்டு இருந்தேன்."

பிடுங்கிக்கொண்டு வந்து, சாயங்காலம் கயலிடம் ஒன்றும் நடக்காததுபோல் கொடுத்துவிட்டேன். ஆகவே மச்சான், விஞ்ஞானத்தையே காப்பாற்றியவன் சொல்கிறேன்: படிப்பு முடியட்டும், கல்யாணம் அப்புறம். இந்த விஷயம் நம் இருவரோடு இருக்கட்டும். உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
கோதண்டபாணி

பி.கு.: கடிதத்தைக் கயல் படித்துவிட்டாள். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அந்த டியூப்களில் இருந்தது புரதம் ஒட்டாத சரக்காம், செல்லுக்குள் போகாது என்று ஒப்பிட்டுக் காட்ட வைத்ததாம், ஒரே நாளில் மறுபடி செய்துகொள்வாளாம். "ரோஜாவுக்கே ஊத்த வுட்டிருக்கலாம். நெஜ சரக்கு, என்கூட ஆராய்ச்சி பண்ற ஷீலா வூட்டு ஃப்ரீசர்ல கீது. அத போயி உன்னாண்ட குடுப்பேனா, நைனா?"