டிராகன் விளையாட்டில் கண்ட குறைகள்

கர்த்தர் காத்துவரும் அருமை மகன் ஷாஜிக்கு, உதியன்குளங்கரையிலிருந்து அப்பா பொன்னுதாஸ் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம். அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம்.

நீ உண்டாக்கிய, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக் கதை பேசி ஆடும் விளையாட்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் வெளியாவதால் இந்த வருஷமும் ஊருக்கு வர முடியாது என்றாய். விளையாடிப் பார்த்துக் குறைகளை எழுதுங்கள் என்றும் கேட்டாய். எழுதுகிறேன். படித்துவிட்டு வெளியிடலாமா என்று நீயே யோசி.

முதலில் பகடை. அதைப் பார்த்ததுமே அம்மா, "சிலுவைக்கு அடியில சேவகர் உருட்டுன சாமானாக்கும் இது, ஜெபம் பண்ணுற வீட்டுல உருட்டப்பிடாது" என்று எடுத்து ஒளித்துவிட்டாள். சரி, பாமாலைப் புத்தகத்தைத் திறந்து வலதுபுறத்துப் பக்க எண்ணைப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். உன் விதிப்படி இரட்டைப்படை விழுந்தால்தான் வாள் வெட்டும். நான் வாள்வீரன், சாயங்காலம் முழுக்க வீசுகிறேன், டிராகனுக்கு ஒரு கீறல் இல்லை. புத்தகத்தில் வலப்பக்கம் எப்போதும் ஒற்றைப்படைதான் என்று மறுநாள்தான் புத்தி வந்தது.

அடுத்தது சூனியக்காரி. கதையை நடத்துகிறவர் பக்கத்து வீட்டுச் சிவதாணு, பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர், குகை வந்தால் "குகை இறங்கணும்" என்று கத்துகிறார். சூனியக்காரியாகவும் அவரேதான் பேசுகிறார். அம்மா மருத்துவச்சி வேஷம். வழியில் சூனியக்காரியைக் கண்டதும் அம்மா கேட்கிறாள், "நீ எந்த ஊரு, யாருக்க மோளு?" சிவதாணு வாய்க்கு வந்தபடி "வெள்ளறடை" என்றுவிட்டார். வெள்ளறடை அம்மாவின் தாய்வீடு அல்லவா, பேசிப்பேசி சூனியக்காரி சித்தி முறை ஆகிவிட்டாள். "சொந்தக்காரிய எப்பிடி வெட்டுயது?" என்று என் வாளைக் கீழே போடச்சொல்லி, அவளுக்குக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொடுத்தாள். அன்றைய யுத்தம் அப்படி முடிந்தது.

இதெல்லாம் போகட்டும். உன் விளையாட்டு நாட்டில் மலை தாண்டிப் போக விதி உண்டு, கடல் கடக்க விதி உண்டு, வீடு திரும்ப மட்டும் ஒரு வரிகூட இல்லை. நீ அனுப்பிய விதிப் புத்தகம் முழுக்கத் தேடிவிட்டோம். இதைச் சொன்னதும் அம்மா சாயா போட எழுந்து போனவள் நெடுநேரம் அடுக்களையிலேயே நின்றாள். உன்னைப் பார்க்காமல் எங்களுக்கு ஆகவில்லை மகனே. ஆகையால் வெளியீட்டைத் தள்ளிவை. கிறிஸ்துமஸுக்கு வா, மூன்று பேருமாக உட்கார்ந்து சரிசெய்வோம்.

உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும், முக்கியமாக வரத்தை.

அன்பு அப்பா,
பொன்னுதாஸ்

பி.கு.: தபாலாபீஸ் வாசலில் நிற்கிறேன். அம்மா ஸ்டாம்பு வாங்க உள்ளே போயிருக்கிறாள், அதற்குள் எழுதுகிறேன். மேலே உள்ளதை விடு மக்கா, பாதி அவள் சொல்லச்சொல்ல எழுதினது. விளையாட்டு ரொம்ப நல்லாருக்கு. சிவதாணு சோறு தின்னக்கூட வீட்டுக்குப் போறதில்லை. குறிச்ச நாளிலேயே வெளியிடு. ஈஸ்டருக்கு வந்தாப் போதும். அம்மாவை நான் தேத்திக்கிடுவேன். என்னைத் தேத்தத்தான் ஆள் வேணும்.