ஆறு விசிறிகளும் ஓர் உள்ளங்கையும்

மனிதர்களில் சூடு பார்ப்பவர் என்று ஒரு வகை உண்டு. பால் காய்ந்துவிட்டதா, இஸ்திரிப்பெட்டி தயாரா என்று பார்ப்பவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். கம்ப்யூட்டர் வாங்குவார், படங்களை வேகவேகமாக வரைந்து தள்ளும் கிராபிக்ஸ் கார்டு என்கிற செங்கல் அளவுச் சாமானை அதற்குள் பொருத்துவார், பிறகு அது சூடாகிறதா சூடாகிறதா என்று ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் விளையாடுகிறாரா? இல்லை. சினிமா பார்க்கிறாரா? பார்ப்பார்; ஆனால் கதாநாயகன் உயிரை விடும் நேரத்தில் இவர் கண் திரையின் வலது மூலையில் இருக்கும். அங்கேதான் டிகிரி ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வகையில் முதல் தரமான ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். அலுவலகத்தில் அவருக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர். வீட்டில் டிகிரி காட்டுவதற்கென்றே மூன்று மென்பொருள்கள் வைத்திருக்கிறார். மூன்றும் ஆளுக்கொரு எண்ணைச் சொல்வதால், எது புளுகுகிறது என்று கண்டுபிடிக்க நான்காவதாக ஒன்றையும் இறக்கியிருக்கிறார். மகளுக்கு உடம்பு கொதித்தால் புறங்கையை நெற்றியில் ஒரு நொடி வைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, தூங்கினா சரியாயிடும்" என்று போய்விடுவார். கார்டு அறுபதைத் தொட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒருநாள் கார்டின் விசிறி சுற்றாமல் நிற்பதைப் பார்த்துவிட்டார். கை கால் ஓடவில்லை. கடைக்காரரைப் போனில் பிடித்தார்.

"சார், சூடு இல்லாதப்ப அது நின்னுதான் இருக்கும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

"சும்மா நிக்கறதுக்கா அதை வாங்கினேன்?"

அன்று முதல் அந்த விசிறிக்கு எப்போதும் முழு வேகம். வீட்டில் யாரும் பேசுவதில்லை, கத்துகிறார்கள். கீழ் வீட்டு அம்மாள் ஏறி வந்து, மேலே மாவு மில் வைத்திருக்கிறீர்களா என்று மரியாதையாகவே விசாரித்துவிட்டுப் போனார்.

போதாதென்று கம்ப்யூட்டர் பெட்டிக்கும் தனியாக ஆறு விசிறிகள் வாங்கினார். முன்னால் மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று. எல்லாம் அவர் கையாலேயே பொருத்தியவை. ஒவ்வொன்றையும் ஓடவிட்டு உள்ளங்கையை எதிரே நீட்டிப் பார்ப்பார். காற்று கையில் பட்டால் பாஸ். படாவிட்டால் கழற்றித் திருப்பி மாட்டுவார். ஆறும் பாஸ்.

கார்டு உண்மையில் அவருடைய மனைவியின் வேலைக்காக வாங்கியது. அந்த அம்மாள் வீடுகளுக்கு வரைபடம் போடுபவர். பதினோரு வருடம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். முதல் வாடிக்கையாளர் ஒரு பல் டாக்டர். அவர் கட்டப்போகும் வீட்டுக்குள் வாசலில் நுழைந்து மாடி வரை நடந்து பார்க்கிற மாதிரி ஒரு வீடியோ காட்ட வேண்டும். அதைச் செய்து முடிக்க கார்டு மூன்று மணி நேரம் விடாமல் உழைக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு டாக்டர் வருகிறார்.

காலை எட்டு மணிக்கு வேலை ஆரம்பித்தது. எட்டு இருபதுக்கு எழுபத்தெட்டு டிகிரி. தெர்மாமீட்டர் ஓடிவந்து நிறுத்திவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"கொஞ்சம் ஆறட்டும்மா. பாவம்."

"எழுபத்தெட்டு அதுக்கு சாதாரணம்னு கடைக்காரர் சொன்னாரே."

"அவருக்கென்ன, வித்துட்டார்."

மறுபடி ஆரம்பித்தார்கள். எண்பத்தொன்று. மறுபடி நிறுத்தினார். மூடியைக் கழற்றிவிடலாம் என்றார் மனைவி. உள்ளே தூசி போய்விடும் என்று குறுக்கே நின்றார் கணவர். மணி பத்து ஆகிவிட்டது.

"இங்க பாருங்க. டாக்டருக்கு இன்னிக்குக் காட்டலன்னா, அவர் நேரா என் பழைய ஆபீஸுக்குப் போயிடுவார். அப்புறம் நானும் அங்கயே போய்க் கதவைத் தட்டணும். புரியுதா?"

புரிந்தது. மனைவியின் பிழைப்பு ஒருபக்கம், எண்பத்தொன்று ஒருபக்கம். அவர் அவசரமாக மேஜை விசிறியைத் தூக்கிவந்து பெட்டிக்கு முன்னால் வைத்தார். அதற்கு இடம் வேண்டுமென்று மனைவியின் வரைபடத்தாளைப் பெட்டியின் முகத்தருகே நகர்த்தினார். மேஜை விசிறிக்கு இன்னும் மின்சாரமே கொடுக்கவில்லை. தாள் விருட்டென்று பறந்து மனைவியின் முகத்தில் அப்பிக்கொண்டது.

அந்த அம்மாள் தாளை மெதுவாக எடுத்தார். அதன் ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து முன்பக்க விசிறிகளுக்கு எதிரே பிடித்தார். துண்டு வெளிப்பக்கமாகப் படபடத்தது. மேலே பிடித்தார். வெளியே. பின்னால் பிடித்தார். வெளியே.

"எல்லாத்தையும் எப்படி மாட்டினீங்க?"

"கை வெச்சுப் பாத்துதான். காத்து நல்லா வருதே."

"ஆறு பேரும் மூச்சை வெளிய விட்டுக்கிட்டே இருந்தா, உள்ள இழுக்கறது யாருங்க?"

தெர்மாமீட்டர் யோசித்தார். அந்தக் கேள்வியை இதுவரை எந்த மென்பொருளும் அவரிடம் கேட்டதில்லை.

மனைவி திருப்புளியை எடுத்து முன்பக்க விசிறிகள் மூன்றையும் திருப்பி மாட்டினார். பத்து நாற்பதுக்கு வேலை மறுபடி ஆரம்பித்தது. எண் அறுபத்தாறில் ஏறி நின்றுவிட்டது. நியாயமாக அவர் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினார். காற்று இல்லை.

"அம்மாடி, மூணும் செத்துப்போச்சு," என்று சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

மனைவி அந்தக் கையை வழியிலேயே பிடித்தார். பதினோரு வருடமாகக் கோபக்கார முதலாளியைச் சமாளித்தவர் அல்லவா? திட்டவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டுபோய்ப் பெட்டியின் பின்புறம் விரித்து வைத்தார். வெதுவெதுப்பான காற்று உள்ளங்கை நிறைய வந்தது.

"வருதா?"

"வருது."

"அப்படியே வெச்சுக்கிட்டு நில்லுங்க. கையை எடுத்தீங்கன்னா சூடு ஏறிடும்."

நின்றார். ஒரு மணி நேரம் வலது கை, ஒரு மணி நேரம் இடது கை. மூக்கு அரித்தபோது மகளைக் கூப்பிட்டுச் சொறியச் சொன்னார். ஒன்று நாற்பதுக்கு வீடியோ முடிந்தது. முடிந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு மணிக்குப் பல் டாக்டர் வந்து, திரையில் தன் வீட்டுக்குள் நடந்து பார்த்து, மாடி ஜன்னலை இன்னொரு தடவை காட்டச் சொல்லிவிட்டு, "அஸ்திவாரம் எப்ப போடலாம்?" என்று கேட்டார். பிறகு மேஜைக்குப் பின்னாலிருந்து நீண்ட கையைக் கவனித்து, அவர் யார் என்றும் கேட்டார்.

"என் வீட்டுக்காரர். சூடு பாக்கறார்," என்றார் அந்த அம்மாள்.

அன்றைக்கு அறுபத்தாறைத் தாண்டாதது தன் கையால்தான் என்று தெர்மாமீட்டர் இன்றைக்கும் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் இதை நீங்கள் கைப்பேசியில்தானே படிக்கிறீர்கள்? அப்படியானால் மூன்றாவது பத்தியிலிருந்தே அதன் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிற அந்த விரலைக் கொஞ்சம் எடுங்களேன், பார்க்கலாம்.

ஏன், எடுத்தால் சூடு ஏறிவிடுமா?