நீலச் சட்டையும் ஓர் உகரமும்

மாஸ்டருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், அப்புறம் காது. அந்தச் சனிக்கிழமை மதியம் இரண்டும் வரிசையில் நிற்காமல் ஒன்றாகவே சிவந்தன.

கண்ணாடியை மறந்துவிட்டுத் தையல் கடைக்குப் போனவர், அதை எடுக்க வீட்டுக்குத் திரும்பி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே மனைவி போனில் பேசுவது காதில் விழுந்தது.

"அதை ஏன்டா கேக்கறே. சரியான லூஸு."

'டா' என்றால் எதிர்முனையில் அவள் தம்பி. தம்பியிடம் அவள் வேறு யாரைப் பற்றி அப்படிப் பேசுவாள்? மாஸ்டர் ஒரு காலில் செருப்போடு உள்ளே நுழைந்தார்.

"யாரு லூஸு?"

அவள் பதறவில்லை. போனை வைத்துவிட்டுச் சொன்னாள். "சட்டை."

"எந்தச் சட்டை?"

"போன வருஷம் தம்பிக்கு நீங்க தச்சுக் குடுத்தீங்களே, நீலச் சட்டை. அதைப் பத்திதான் பேசிட்டிருந்தோம்."

"சட்டைன்னா 'லூஸா இருக்கு'ன்னு சொல்லணும். 'சரியான லூஸு'ன்னா அது ஆளு. இருபத்தாறு வருஷமா இந்த வார்த்தையை வச்சுத்தான் பொழைக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"நான் 'லூஸ்'னுதான் சொன்னேன். அதுக்கு வால்ல ஒரு 'உ' ஒட்டிக்கிட்டுக் கேட்டுதுன்னா, அது உங்க காது பண்ற வேலை."

மாஸ்டர் கழற்றிய செருப்பையும் மாட்டிக்கொண்டார். கண்ணாடியையும் எடுக்காமல் கடைக்குத் திரும்பிப் போனார்.

கடையில் அவருக்கென்றே காத்திருந்த மாதிரி எல்லோரும் அதே வார்த்தையை எடுத்தார்கள். காஜா எடுக்கும் அம்மா, "மாஸ்டர், பெல்ட் லூஸு, மெஷின் ஓடவே மாட்டேங்குது" என்றார். பேன்ட் தைக்கக் கொடுக்க வந்தவர், "இடுப்புல கொஞ்சம் லூஸா விடுங்க, சாப்பிட்டா உக்கார முடியல" என்றார். பட்டன் வாங்கப் போன இடத்தில், "அட்டையா இல்ல மாஸ்டர், லூஸ்லதான் இருக்கு" என்றார்கள். முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரர், "எதுவா இருந்தாலும் லூஸ்ல விடுங்க" என்று ஆறுதல் சொன்னார். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று மாஸ்டர் அப்போதே முடிவு செய்தார்.

மெஷினில் உட்கார்ந்தால் ஊசி ஓடியது, மனது ஓடவில்லை. ஒன்று, அவர் லூஸு. அல்லது அவர் தைத்த சட்டை லூஸ். முதலாவதைக்கூட மன்னித்துவிடலாம். பெண்டாட்டி சொல்லாமல் வேறு யார் சொல்லப் போகிறார்கள். இரண்டாவதை எப்படி மன்னிப்பது? அவர் தைத்த சட்டையை யாரும் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது.

அதிலும் அந்த மச்சினன் சட்டை. அவன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவன். பக்கத்து சீட்டில் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்தே இடது தோள் அரை இஞ்சு இறங்கிவிட்டது. அவன் பெண்டாட்டிக்கே தெரியாத விஷயம். மாஸ்டர் டேப்புக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாமல் அந்த அரை இஞ்சைக் கட்டிங்கிலேயே மறைத்துக் கொடுத்தவர் அவர். அப்படிப்பட்டவரிடம்தான், ஏழு மாதம் முன்னால், நாலு பேர் இருக்கும்போது அவன் சொன்னான்: "என்ன மாமா, இந்தக் காலத்துல போய் துணி எடுத்துத் தச்சுக்கிட்டு. ரெடிமேடு எவ்வளவு ஃபிட்டா இருக்கு பாருங்க."

அன்றைக்கே மாஸ்டர் அறிவித்தார். இனி அவன் உடம்பில் தன் டேப் படாது, அவன் இந்த வாசற்படி மிதிக்கக் கூடாது. போன வாரம்கூட மனைவி மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள். புதன்கிழமை தம்பிக்கு இன்டர்வியூ, சூப்பர்வைசர் வேலை, ரெடிமேடு எதைப் போட்டாலும் ஒரு பக்கம் சரிகிறது, ஒரே ஒரு சட்டை. மூன்று தடவையும் மாஸ்டர் முடியாது என்றார். மூன்றாம் தடவை கொஞ்சம் ருசித்தே சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் முகம் கழுவவில்லை, உட்காரவில்லை.

"உன் தம்பியை நாளைக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு வரச் சொல்லு."

"வாசற்படி மிதிக்கக் கூடாதுன்னீங்களே."

"மிதிக்க வேணாம். தாண்டி வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வந்தான். உண்மையிலேயே ஒரு எட்டு தாண்டித்தான் உள்ளே வந்தான். மாஸ்டர் அவனோடு பேசவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்தார். மார்பைச் சுற்றி டேப்பை விட்டார். உடம்பு நாற்பது, சட்டை நாற்பத்து நாலு. மூச்சு விட, கை வீச என்று விட வேண்டிய நாலு இஞ்சு, நூல் பிசகாமல் நாலு இஞ்சு. கழுத்தில் ஒரு விரல்தான் போனது. தோள் தையல் இரண்டு பக்கமும் எலும்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு வருஷம் துவைத்தும் அசையவில்லை.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல சட்டை. இதைப் போய்ச் சொல்கிறாளே. டேப்பைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார். 'எங்கே லூஸ், காட்டு' என்று கேட்க வாயையும் திறந்தார்.

மனைவி கையில் டீ டம்ளரோடு நின்றிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத முகத்தைப் பார்த்ததும்தான் அவருக்கு உறைத்தது. சட்டை லூஸ் இல்லை என்றால், போனில் சொன்ன லூஸு யார்?

மாஸ்டர் சுருட்டிய டேப்பை மறுபடி பிரித்தார்.

"சொல்லுங்க," என்றாள் அவள். "சட்டை லூஸா, இல்லையா?"

மாஸ்டர் சட்டையைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். தொழிலா, தானா என்று ஒரு நிமிஷம் தராசில் வைத்துப் பார்த்தார்.

"லூஸ்தான்," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

தம்பி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். "இல்ல மாமா, எனக்குக் கச்சிதமாத்தான்..."

"நீ சும்மா இருடா. மாஸ்டரே சொல்றார், உனக்கென்ன தெரியும்."

"சரி, கழட்டிக் குடு. பிரிச்சுப் பிடிச்சுத் தரேன்," என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அந்தத் தோள் தையலில் கத்தரியை வைக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. உடனே கையை நீட்டித் தடுத்தார். "வேணாம். இதைத் தொட வேணாம்."

"எதுக்குப் பிரிக்கணும்? புதுசாவே ஒண்ணு தச்சுடுங்க. புதன்கிழமைக்கும் ஆச்சு." அவள் பீரோவைத் திறந்து துணியை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். வெள்ளையில் மெல்லிய கோடு. மாஸ்டர் விரலால் தடவினார். விரல் நின்றது.

"இது நனைச்சுக் காயவச்ச துணியாச்சே."

"நனைக்காம வெட்டினா சுருங்கிடும்னு நீங்கதானே சொல்வீங்க."

"எப்ப நனைச்சே?"

"வியாழக்கிழமை."

போனில் பேசியது சனிக்கிழமை. மாஸ்டர் விரல் விட்டு எண்ணினார், இரண்டு நாள் வந்தது. காது ஜிவுஜிவு என்று எரிந்தது. கத்தலாம். நன்றாகக் கத்தலாம். ஆனால் கத்தினால் சட்டை சரியாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறம் லூஸு அவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு துணியை விரித்தார். சாக்பீஸ் அவர் கையில் பொடிப்பொடியாக உடைந்தது. அந்தக் கோபத்திலும் இடது தோளுக்கு வந்தபோது கை தானாக அரை இஞ்சு இறங்கிக் கோடு போட்டது.

கத்தரியை எடுத்தபோது பின்னாலிருந்து மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, கையோட பாத்துடுங்களேன். அவன் பேன்ட்டும் லூஸ்தான்."