லாஞ்சில் ராசியில்லாதவர்

மூதூர் போகும் லாஞ்ச் இறங்குதுறையை விட்டு அசையவில்லை. இஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியதும் ஏறியிருந்த முப்பது பேரும் ஒன்றாகத் திரும்பிக் கிளாக்கர் சிவகுருநாதனைப் பார்த்தார்கள்.

மூதூர்க் கந்தோரில் அவருக்குத் தற்காலிக வேலை கிடைத்து ஒரு மாதம். அவர் ஏறினால் இஞ்சின் நின்றுவிடும் என்பது அந்த லாஞ்சில் முடிந்த முடிவு. ஒருநாள் பின்னால் போய் இருந்தார். அவர் பக்கத்தில் இருந்ததால்தான் இஞ்சின் புகைந்தது என்றார்கள். மறுநாள் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஏறினார். நடுக்கடலில் நின்றது, கள்ளமாக ஏறினவர் என்ற பெயரும் சேர்ந்தது. இனி ஒருநாள் பிந்தினாலும் வேலையில் வைத்திருக்க ஏலாது என்று கந்தோர்ப் பெரியவர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்.

பாய் விற்கப் போகிற றுக்கியா தணிந்த குரலில் சொன்னாள்: "ஐயா, கோவிக்காதீங்க. இண்டைக்கு மட்டும் இறங்குங்க."

"இறங்கமாட்டன். நான் ஏறி ஒழுங்கா ஓடின நாள் பதினெட்டு. நிண்டது நாலே நாலு. ஓடின நாளை மறந்துபோட்டு நிண்ட நாளை மட்டும் பிடிச்சுக்கொண்டு கதைக்கிறியள். மூளையைக் கரையில வைச்சிட்டோ ஏறினீங்கள்?"

ஒருவருடைய பார்வையும் மாறவில்லை. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் முன்வாங்குப் பலகையில் குந்தியிருந்த ஆள் கண்ணில் பட்டார். மடியில் தகரப்பெட்டி. லாஞ்சில் ஒருநாளும் காணாத முகம். சிவகுருநாதனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"நான் ஒவ்வொரு நாளும் வாறனான். இண்டைக்குப் புதுசா ஏறினது ஆர் எண்டு பாருங்கோ."

முப்பது தலையும் அந்தப் பக்கம் திரும்பின. அந்த மனுசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆளுக்கொரு கதை கதைத்ததில் அது எடுபடவில்லை. பெட்டியும் கையுமாக அவரை இறக்கிவிட்டார்கள். முதலில் கை கொடுத்தது சிவகுருநாதன்தான்.

அடுத்த நிமிடமே இஞ்சின் பிடித்தது.

"பாத்தியளோ?" என்றார். பார்த்தார்கள். றுக்கியா வெற்றிலை நீட்டினாள்.

எட்டரை மணிக்கு, கொட்டியாரக் குடாவின் நடுவில், இஞ்சின் ஒரேயடியாக நின்றது. சிவகுருநாதன் நிமிர்ந்தே இருந்தார். இனி யார் தன்மேல் பழி போடுவது?

காலையிலிருந்து இஞ்சின் குழிக்குள்ளேயே கிடந்த இஞ்சின்காரன் லாபிர் தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"இஞ்சின் நிண்டால் உடன திருத்தவெண்டு கந்தளாயில இருந்து மெக்கானிக் ஒராளைக் கூட்டிவந்து முன்வாங்கில இருத்தினனான். ஆளெங்க?"