தொண்ணூறு டிகிரி முருகவேல்

ஆசனம் போட்டு உட்கார்ந்து ஞானம் தேடுகிறவர்களைத் திருவண்ணாமலைச் செங்கம் ரோடு நெடுக நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆசனத்தையே தேடிக்கொண்டு இன்னும் உட்காராமல் இருக்கிற இனத்தைப் பார்த்ததுண்டா? நாற்காலி ஞானி என்று பெயர். கம்ப்யூட்டர் முன்னால் விளையும்.

நம் முருகவேலையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். வீட்டுக்கு முதல் பட்டதாரி. சென்னைக் கம்பெனிக்குத் திருவண்ணாமலை வாடகை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்று மாலை ஐந்துக்குள் ஒரு ரிப்போர்ட் அனுப்பினால் ஆகும். அனுப்பாவிட்டால் கிளம்ப வேண்டியதுதான் என்று மேலாளர் ஆர்த்தி கறாராகச் சொல்லிவிட்டார்.

அனுப்பிவிடலாம். ஆனால் கழுத்து என்னாவது? பட்டதாரிக் கழுத்தாயிற்றே!

கழுத்து வலிக்காமல் இருக்கத் திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டுமாம். எனவே சாமி படத்துக்கு அடியில் இருந்த மணை திரைக்கு அடியில் போயிற்று, சாமி ஃபிரிட்ஜ் மேல் குடியேறினார், திரை உயர்ந்ததால் நாற்காலியும் உயர்ந்தது, நாற்காலி உயர்ந்ததால் கால் அந்தரத்தில் தொங்கியது, காலுக்கு அரிசி டின் வந்தது, இடுப்புக்கு ஊரிலிருந்து வந்த, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை வந்தது, முழங்கை சரியாகத் தொண்ணூறு டிகிரிதானா என்று பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பாகைமானியும் வந்தது. ரிப்போர்ட் மட்டும் வரவில்லை.

"அரிசி டின்ன விடுங்க, ஒல கொதிக்குது," என்றாள் மனைவி கவியா.

"நீ குனியறதே தப்பு. முட்டிய மடக்கணும்."

"ரிப்போர்ட்டு போட்டாச்சா?"

"மொதல்ல உக்காரணும் இல்ல?"

அப்பாவுக்கும் போனில் வகுப்பு நடந்தது. மல்லாட்டை பிடுங்கும்போது இடுப்பை வளைக்கக் கூடாதாம்.

"செடி கீழ தானடா கீது!" என்று அப்பா போனை வைத்துவிட்டார்.

கண்ணுக்கும் விதி உண்டு: அவ்வப்போது தூரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும். இந்த ஊர் ஜன்னலில் தூரத்தில் என்ன தெரியும்? மலை. மலையைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்ப முடியுமா? நாற்காலியில் சாய்ந்தபடி சாமி கும்பிடத்தான் முடியுமா? எழுந்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், வந்து உட்கார்ந்தார். முழங்கை எண்பத்தைந்து டிகிரி! மறுபடியும் பாகைமானி. மறுபடியும் மலை.

ஒருவழியாக எல்லாம் கூடி வந்தது. கண் நேர், கை நேர், முதுகு நேர். கோபுரத்துச் சிலை கெட்டது! அப்போதுதான் வீடியோ அழைப்பு வந்தது.

"அடடா முருகவேல், எவ்ளோ நேரா உக்காந்திருக்கீங்க! மணி அஞ்சாச்சு. ரிப்போர்ட் எங்க?"

"இப்பதான் மேடம் உக்காந்தேன்."

முருகவேலின் முதுகுக்கு இப்போது முழு ஓய்வு. சாமியும் மணைக்குத் திரும்பிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். படித்துக்கொண்டே வந்த நீங்கள் நடுவில் ஒரு தடவை முதுகை நிமிர்த்தி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டீர்களே, அதில் ஒன்றும் தப்பில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஐந்து மணிக்குள் நீங்கள் அனுப்ப வேண்டியது எதுவும் இல்லையே?