முட்டுச்சந்தில் பிறந்த பேத்தி

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே யாவரும் நலம். அங்கே நீயும் தங்கச்சியும் நலமாக, உன் கோபம் மட்டும் உடம்பு சரியில்லாமல் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

மூன்று மாதப் பேத்தியைப் பார்க்க வந்த நீ, எங்கள் புது நகரில் மூன்று மணி நேரம் சுற்றி, வீட்டைக் காணாமலே திரும்பியதில் என் தப்பு ஒன்றுமில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய நானே குடிவந்த அன்று பால் வாங்கப் போய் மத்தியானம்தான் திரும்பினேன். ஊர் வளரட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் மனை போட்டவர்கள் ஒவ்வொருவரும் தன் தெரு அடுத்தவன் தெருவோடு சேராதபடி சுவர் வைத்துவிட்டார்கள். எங்கள் தெருக்கோடியிலும் சுவர்தான். அதற்கு அந்தப் பக்கத் தெருவில் பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா வீடு. அவர் மிளகாய் வறுத்தால் தும்முவது நாங்கள். அவர் வீட்டுக்குப் போக நாலு கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

உன் அக்கா போனில் 'சுகப்பிரசவம்' என்று ஒரே வார்த்தையோடு வைத்துவிட்டாளாமே, நடந்ததைக் கேள். மகளுக்குப் பத்து நாள் முன்னாலேயே வலி கண்டுவிட்டது. ஆம்புலன்ஸ் டிரைவர் போனில், "சார், உங்க மொட்டை மாடி தெரியுது, வழிதான் தெரியல" என்கிறார். உன் அக்கா சுவரோரம் ஓடி, "நர்ஸம்மா!" என்று ஒரு குரல் கொடுத்தாள்.

"ஏணி இருக்கா?" என்று பதில் வந்தது.

ஏணியைச் சுவருக்கு மேலாக அந்தப் பக்கம் இறக்கினேன். ஐம்பத்தெட்டு வயது, தோளில் பை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிச் சுவர்மேல் உட்கார்ந்துவிட்டார். ஏணியை இந்தப் பக்கம் இழுத்த அவசரத்தில் தலைகீழாக நிறுத்திவிட்டேன். "பதறாதீங்க சார், அவசரம் எனக்கில்ல, உங்க பொண்ணுக்குத்தான்" என்றார் மேலேயிருந்து. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது பேத்தி அழுது முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் சுத்தியலை எடுத்து, ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சுவரை உடைத்தேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர், "யாரைக் கேட்டு உடைச்சீங்க?" என்று கத்திக்கொண்டே வந்து ஓட்டையில் தலையை நீட்டினார். நீட்டிய தலை திரும்பவே இல்லை. "அட, பஸ் ஸ்டாப் இங்கயா இருக்கு! நாலு வருஷமா சுத்திச் சுத்தி செத்தேனே!" சாயங்காலம் அவரே கடப்பாரையோடு வந்து ஓட்டையை வாசலாக்கினார். இப்போது ஆபீஸ் போகிறவர், சைக்கிள்காரர், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டை ஒட்டித்தான் போகிறார்கள். பேத்தியைக் கொஞ்சாமல் ஒருத்தர் தாண்டுவதில்லை.

ஆகவே வரும் ஞாயிறு அந்த ஸ்டாப்பில் இறங்கு. சுவருக்குள் நுழை. முதல் வீடு. இதற்கு மேல் எளிதாகச் சொல்ல என்னால் ஆகாது.

உனக்கும் தங்கச்சிக்கும் என் ஆசிகள். பேத்தி தன் பங்குக்குக் கொட்டாவி அனுப்பியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உன் அக்கா, "அவன் வழி கண்டுபிடிச்சு வர்றதுக்குள்ள இவ காலேஜ் போயிடுவா, நாமளே போயிடலாம்" என்றுவிட்டாள். எனவே மேலே எழுதியது எதையும் பின்பற்ற வேண்டாம். சனிக்கிழமை நர்ஸம்மாவையும் சேர்த்து ஐந்து பேரும் அங்கே வருகிறோம். உங்கள் பக்கமும் புதிதாக மனை போட்டிருக்கிறார்களாமே? உடனே வழி எழுது. ஏணி கொண்டுவர வேண்டுமா என்பதையும் எழுது.